கடற்கட்டியின் கிண்ணமும் டாரட் சீட்டும்

டாரட் சீட்டுக்கு இன்று இரண்டு தொழில்கள். ஒன்று பழையது: வருவதைச் சொல்வது. வேலை கிடைக்குமா, பிரிந்தவர் திரும்புவாரா என்று கேட்பவருக்கு 78 படங்களில் ஒன்றைப் புரட்டிப் பதில் தருவது. அதில் நேரம் செலவிடத் தேவையில்லை. கலைத்துப் போட்ட சீட்டின் வரிசைக்கும் நாளை நடக்கப்போவதற்கும் தொடர்பு உண்டென்பதற்கு ஏற்கத்தக்க சான்றை எவரும் முன்வைத்ததில்லை. மற்றத் தொழில் புதியது, அடக்கமானது, ஆகவே கவனத்துக்குரியது. கோபமோ துக்கமோ அச்சமோ கரைமீறும் வேளையில் ஒரு சீட்டை எடுத்து முன்னே வைத்து, அந்தப் படத்தின் வழியாகத் தன் நிலையைத் தானே பார்த்துக்கொள்வது. இதைப் பரிந்துரைப்பவர்கள் எதிர்காலத்துக்கு உரிமை கோருவதில்லை. சீட்டு வெறும் கண்ணாடி என்கிறார்கள். இந்தக் கோரிக்கையைத்தான் இங்கே எடைபோட வேண்டும்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுவது முறை. கடும் உணர்ச்சியைக் கையாள உதவும் சாதனம் எதுவாயினும், உணர்ச்சிக்கும் செயலுக்கும் நடுவே சற்று இடைவெளி உண்டாக்க வேண்டும். அந்த இடைவெளியில் உணர்ச்சிக்குச் சரியான பெயர் கிடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தீர்ப்பை உரியவரிடமே விட்டுவிட்டு அது விலகிக்கொள்ள வேண்டும். முதலிரண்டும் பல சாதனங்களுக்குக் கைகூடும். மூன்றாவதில்தான் பெரும்பாலானவை தோற்கின்றன.

வரலாறு வாசகர் அறிந்ததே. தேவையான அளவு மட்டும் நினைவூட்டுகிறேன். 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், மிலான் பிரபுக்களின் வீடுகளில், டாரட் ஒரு சீட்டாட்டம். நம் ஊர்த் திண்ணையில் 304 ஆடுவதைப் போல. எகிப்தியக் கோவிலின் மறைஞானம் அதில் ஒளிந்திருக்கிறது என்ற கதையை 1781-இல் கூர் த ஜெபெலன் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பினார். அவர் காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அந்தக் கதைக்கு வசதியாயிற்று. தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980-இல் வெளியிட்ட பெருநூல் அதை ஆதாரங்களோடு தகர்த்தது. இன்று பெருவழக்கிலுள்ள தொகுப்பு 1909-இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் வெய்ட் திட்டமிட்டார், பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். பழைய சாதாரணச் சீட்டுகளில் பெரும்பாலும் கோப்பைகளையும் வாள்களையும் எண்ணிக்கைப்படி அடுக்கியிருந்தார்கள். ஸ்மித் அந்த இடத்தில் மனிதர்களையும் காட்சிகளையும் வைத்தார். உணர்ச்சியை நோக்கும் கருவியாக டாரட்டுக்கு ஏதேனும் தகுதி இருக்குமானால், அது தொன்மையால் வந்ததன்று. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முந்திய ஓர் ஓவியரின் கையால் வந்தது.

இந்த மதிப்பீட்டுக்கு இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள முசலி எதற்கு? டாரட் இந்தக் கரையின் சரக்கல்ல. ஆனால் கடும் அச்சத்தை ஒரு சடங்குப் பொருளால் கையாளும் முறைக்கு இங்கே நீண்ட எழுத்துப் பதிவு உண்டு. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், கடற்கட்டி என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுபவர் என்பது நம்பிக்கை. இதே மன்னார் வளைகுடாவில் பெருமீனை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்கிறார். இலங்கைக்கு வந்த ஐரோப்பியர்களில் பெர்சிவல் 1803-இலும், பாதிரியார் கோர்டினர் 1807-இலும், டெனன்ட் 1859-இலும் கடற்கட்டியைப் பற்றி எழுதினார்கள். மூவரும் நம்பாதவர்கள். ஆகவே மூவர் சாட்சியமும் பயனுள்ளது.

கோர்டினர் தரும் காட்சி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கடற்கட்டிகள் எல்லோரும் ஒரே குடும்பம். இருவர் எப்போதும் பணியில். ஒருவர் தலைமை மாலுமியின் தோணியில் கடலுக்குப் போவார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள் ஆடையின்றி அடைபட்டிருப்பார். தோணிகள் புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை அவரை எவரும் பார்ப்பதில்லை. அவர் முன்னே நீர் நிறைந்த பித்தளைக் கிண்ணம். அதற்குள் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், ஆணொன்று பெண்ணொன்று. கடலில் சுறாவால் விபத்து நேர்ந்தால், ஒரு மீன் மற்றதைக் கடிப்பது தெரியுமாம். உருவத்தை முன்னே வைத்து, கண்ணுக்கெட்டாத ஒன்றை அதில் வாசிப்பது. முறைமையளவில் சீட்டு வாசிப்புக்கு இது வெகுதூரமில்லை.

இந்த முறையின் சாதனையைக் குறைத்து மதிப்பது நியாயமாகாது. கல்லின் கனத்தில் இறங்கி, ஒரு நிமிடத்துக்கு முன்பின் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கும் குளியாளிக்கு அச்சம் ஆடம்பரம். படபடக்கும் நெஞ்சு மூச்சை விரைவில் தின்றுவிடும். கடற்கட்டி இல்லாமல் அவர்கள் இறங்க மறுத்தார்கள், இருந்தால் இறங்கினார்கள். அந்தக் குடும்பத்தை மோசடிக்காரர் என்று எழுதும் அதே கோர்டினர், சலாபத்தின் அமைப்பில் அவர்கள் தவிர்க்கமுடியாத அங்கம் என்றும் எழுத நேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. டெனன்ட் வந்தபோது குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். அதனால் குளியாளிகளின் நம்பிக்கை சற்றும் குன்றவில்லை. அவரோ நோயில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர், தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் பிரதிநிதியாகத் தான் நிற்பதையே சுறாக்கள் மதிக்கும் என்று டெனன்டிடம் சொன்னார். சிரிப்புக்குரிய இடம்தான். ஆயினும் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது: கோட்பாடு எதுவாயினும், மந்திரமே இல்லாவிட்டாலும், முறையின் வடிவம் மட்டுமே அச்சத்தைத் தணிக்கப் போதுமானதாயிருந்தது.

குற்றம் அடுத்த அடுக்கில் இருக்கிறது. இலங்கை பிரித்தானியர் கைக்கு வந்ததிலிருந்து தாம் எழுதும் காலம்வரை, நன்கு உறுதிப்பட்ட சுறா விபத்து ஒன்றே ஒன்றுதான் என்கிறார் டெனன்ட். அபாயம் சிறிது, அச்சம் பெரிது. கடற்கட்டி அச்சத்தைத் தணித்தார். அபாயத்தின் மெய்யான அளவை அறியவிடவில்லை. சுறாவைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, தன்னை அதனினும் பெரிதாக்கினார். ஒரு குளியாளி காலை இழந்தபோது என்ன விளக்கம் வந்தது என்பதைப் பெர்சிவல் பதிந்திருக்கிறார்: பகைகொண்ட சூனியக்காரி ஒருத்தி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், இனிப் பாருங்கள், சுறாக்கள் நடுவே வந்தாலும் வாயைத் திறக்க மாட்டா. வென்றால் மந்திரம், தோற்றால் எதிர்மந்திரம். தோல்வியே அடைய முடியாத முறைக்குத் திறனாய்வில் வெற்றியும் எழுதக்கூடாது. கோர்டினரின் இன்னொரு வரி அதைவிடக் கனமானது. கடற்கட்டி மனம் கோணினால் அவரே சுறாவை ஏவிவிடுவார் என்றும் குளியாளிகள் நம்பினார்கள். அதனால் எல்லாத் திசையிலிருந்தும் அவருக்குப் பரிசுகள் குவிந்தன. அச்சத்தைத் தணிப்பவரும் மூட்டவல்லவரும் ஒருவரேயான இடத்தில் மூன்றாவது அளவுகோல் முற்றாக முறிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் டாரட்டின் புதிய தொழில் உண்மையிலேயே ஒரு படி மேலே நிற்கிறது. 1984-இல் மேரி கிரீர் எழுதிய கையேடும் அதன் வழிவந்தவையும் வாசிப்பவரையும் கேட்பவரையும் ஒருவராக்கின. நடுவர் இல்லை, பங்கு கேட்பவர் இல்லை, பூட்டிய அறை இல்லை. கிண்ணம் குளியாளியின் கைக்கே வந்துவிட்டது. கிளிச் சோதிடத்திலும் படம் உண்டு, சீட்டு உண்டு. ஆனால் அங்கே பொருள் சொல்லும் வாய் சோதிடருடையது. எதிரே இருப்பவர் தலையாட்டுகிறார். தன்வாசிப்பில் பேச வேண்டியவர் பேசுகிறார். இதைச் சிறு திருத்தம் என்று நான் கருதவில்லை.

இனிப் படங்கள். ஒன்பது வாள் சீட்டில், நள்ளிரவில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிய ஓர் உருவம். பின்னே கரிய இருட்டில் ஒன்பது வாள்கள் படுக்கைவாட்டில் அடுக்கி நிற்கின்றன. எதிலும் இரத்தமில்லை. தூக்கம் கெட்ட மனத்தின் கட்டமைப்பையே ஸ்மித் வரைந்துவிட்டார். விளக்கவுரை தேவையில்லாத படம். தொகுப்பின் உச்சங்களில் ஒன்று. ஐந்து கோப்பைச் சீட்டு அந்தத் தரத்தில் இல்லை. கறுப்பு அங்கி அணிந்தவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துக் குனிந்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னே இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. படத்தின் அமைப்பு நன்று. அதன் போதனைதான் அவசரப்படுகிறது. துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து 'மிச்சம் இருக்கிறதே' என்று சொல்லும் உறவினரின் குரல் அதற்கு.

மூன்று வாள் சீட்டு அதிகம் புகழப்படுவது. மழையும் மேகமும் பின்னிற்க, ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கின்றன. மனிதர் எவரும் இல்லை. மன்னார்க் கரையின் கத்தோலிக்கருக்கு இந்தப் படம் புதிதன்று. வியாகுல மாதாவின் இதயத்தில் ஏழு வாள்களை அவர்கள் பார்த்தே வளர்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏற்றத்தாழ்வு தெளிவாகும். மாதாவின் ஒவ்வொரு வாளுக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு: சிமியோனின் முன்னறிவிப்பு, கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியது, கோவிலில் மகனைத் தொலைத்தது, கடைசியில் அடக்கம். டாரட்டின் வாள்களுக்குக் கணக்கு மட்டும், காரணம் இல்லை. உணர்ச்சிக்குப் பெயரிடல் என்ற அளவுகோலில், பழைய உருவமே கூர்மையானது. வலிக்கிறது என்று சொல்வதோடு அது நிற்பதில்லை. எது, எப்போது, யாரால் என்று பிரித்துச் சொல்கிறது.

ஆற்றல் சீட்டில், ஒரு பெண் சிங்கத்தின் வாயில் கை வைத்திருக்கிறாள். மூடுகிறாளா திறக்கிறாளா என்பது பார்ப்பவருக்கு விடப்பட்டிருக்கிறது. முகத்தில் முறுக்கமில்லை. கோபத்தை விழுங்குவதும் கொட்டுவதும் தவிர வேறு வழியே இல்லை என்று எண்ணுபவருக்கு, அதனோடு அருகில் நிற்கலாம் என்ற மூன்றாவது நிலையை இந்தப் படம் காட்டுகிறது. பெர்சிவலின் சுறா வாய்மூடியது பிறர் மந்திரத்தால். இங்கே கை தன்னுடையது. எனக்குத் தொகுப்பில் ஒரே ஒரு சீட்டைத்தான் வைத்துக்கொள்ள அனுமதி என்றால் இதை எடுப்பேன்.

படங்கள் நல்லவை என்பதால் முறை நல்லது என்று ஆகாது. முறையை ஆதரிப்பவர்கள் உளவியல் ஆய்வுகளைத் துணைக்கு அழைப்பதுண்டு. உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதியின் கொதிப்பு குறைகிறது என்று லீபர்மன் குழுவினர் 2007-இல் காட்டினார்கள். உள்ளத்தை அழுத்துவதைச் சில நாட்கள் தொடர்ந்து எழுதுவது உடல்நலத்துக்கும் உதவலாம் என்பதை 1986 முதல் பென்னிபேக்கர் வழிவந்த ஆய்வுகள் பேசுகின்றன. விளைவு பெரிதில்லை, ஆனால் புறக்கணிக்கத்தக்கதுமில்லை. கவனிக்க வேண்டியது, இவற்றில் எதிலும் டாரட் சீட்டு இல்லை. பெயரிடலின் புகழைச் சீட்டு தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது முறையன்று. அதற்கு நியாயமாகச் சேர வேண்டியது ஒன்றுண்டு. மிகுந்த துயரில் சொல் வற்றிவிடும். வெறுந்தாள் முன்னே எழுது என்றால் கை நகராது. அப்போது, 'இந்தப் படத்தில் என்ன நடக்கிறது' என்ற கேள்வி எளிது. தொடக்கத்துக்கு அது உதவுகிறது. அந்த மதிப்பைத் தாராளமாகவே கொடுக்கலாம்.

தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டு. வழக்கமான தடத்திலேயே ஓடும் மனம், தானாகத் தேர்ந்தெடுக்காத படத்தைக் கண்டு ஒருகணம் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் பயனுள்ள இடைவெளி. ஆனால் அதே தற்செயல் விரைவில் அதிகாரம் பெற்றுவிடுகிறது. 'எத்தனையோ இருக்க எனக்கு ஏன் இது வந்தது' என்ற கேள்வி எழும் நொடியில், கண்ணாடி மீண்டும் வெள்ளி மீனாகிறது. கையேட்டைத் திறந்தால் நிலைமை மோசமாகும். உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர் 39 பேருக்கும் தனித்தனி ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரே குறிப்பையே கொடுத்தார். அதன் பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. 'வெளியே உறுதி, உள்ளே கலக்கம்' என்ற வகை வாக்கியங்கள் யாருக்குத்தான் பொருந்தாது? டாரட் கையேடுகளின் பெரும்பகுதி இந்த மாவில் சுட்டதே. படத்தைப் பார்த்துத் தானே எழுதுபவர் ஒன்றைக் கண்டடையலாம். கையேட்டின் வாக்கியத்தில் தன்னைக் காண்பவர் ஃபோரரின் நாற்பதாவது மாணவர்.

மறுபடி மறுபடி எடுப்பது அடுத்த குறை. பிடிக்காத சீட்டு வந்தால் இன்னொன்று, அதுவும் தேறாவிட்டால் தெளிவுக்காக மூன்றாவது. பதற்றத்தில் இருப்பவர் உறுதிமொழி தேடித் தேடிப் பதற்றத்தை வளர்த்துக்கொள்வது மருத்துவர்கள் நன்கறிந்த சுழல். அந்தச் சுழலுக்கு 78 சீட்டுக் கட்டு தீராத தீனி. மலையாளக் கரைச் சூனியக்காரியின் வேலையை இங்கே அடுத்த சீட்டு செய்கிறது: முறை ஒருபோதும் தோற்பதில்லை.

இவையெல்லாம் கவனத்தால் திருத்தக்கூடிய குறைகள். திருத்தமுடியாதது ஒன்றுண்டு, அதை முசலியில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். தன்வாசிப்பு முறை எல்லா உணர்ச்சியின் வேரையும் உள்ளேயே தேடுகிறது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முசலியின் ஊர்களும் வெறிச்சோடின. பலரின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தார்கள். போருக்குப்பின் திரும்பியவர்கள் காடு மண்டிய காணிகளைக் கண்டார்கள். 2017 மார்ச்சில் அங்குள்ள நிலத்தை மாவில்லு வன ஒதுக்கமாக அறிவித்த அரசு வர்த்தமானி வந்தபோது மறிச்சுக்கட்டிப் பக்கத்து மக்கள் வீதியோரம் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அங்கே அமர்ந்திருந்த ஒருவரின் கோபம் கடும் உணர்ச்சிதான். அதற்கு இடிந்துவிழும் கோபுரச் சீட்டை நீட்டி, 'உங்களுக்குள் எது சரிகிறது' என்று கேட்பது பிழையான கேள்வி. சரிந்தது வெளியே. டாரட் தொகுப்பில் வர்த்தமானிக்குச் சீட்டு இல்லை. நீதிச் சீட்டு உண்டே, தராசும் வாளும் ஏந்தி அமர்ந்திருக்கிறதே என்பார்கள். உண்மை, ஆனால் தன்வாசிப்பு மரபு அதையும் அகச் சமநிலை என்று உள்ளே மடித்துவிடுகிறது. நியாயமான கோபத்தைத் தணிக்கும் சாதனம், அந்த நியாயத்தையும் சேர்த்துத் தணித்துவிடுமானால், அது நலஞ் செய்ததாகாது.

பொருத்தம் பற்றியும் பேச வேண்டும். குறிபார்க்கும் அம்புகளைக் குர்ஆன் விலக்குகிறது. குறிகேட்டலைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மறுக்கிறது. கண்ணாடி மட்டுமே என்று எவ்வளவு சொன்னாலும், முசலியில் வாழும் ஒருவருக்கு டாரட் குற்ற உணர்வையும் கூடவே கொண்டுவரக்கூடும். தணிக்க வந்தது கூட்டினால் என்ன பயன்? அங்கேயே புழங்கும் முறைகள் எளியவையல்ல. முடிவெடுக்குமுன் இரண்டு ரக்அத் தொழுது இறைவனிடம் நலம் நாடும் இஸ்திகாரா, செயலைத் தள்ளிப்போட்டு இடைவெளி தருகிறது. முடிவை மனிதரிடமே திருப்பித் தருகிறது. அதுவும் சிலர் கையில் கனவில் விடை தேடும் ஆரூடமாகச் சுருங்குவதுண்டு. கனவு அதற்கு நிபந்தனையில்லை என்று மார்க்க அறிஞர்கள் திருத்த வேண்டியிருக்கிறது. போரால் புண்பட்டவர்களோடு யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், செபமாலை, திக்ரு, மந்திர உச்சாடனம் என அவரவர் மரபிலுள்ள மீள்மீளச் சொல்லும் முறைகளைத் தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தினார். அங்கே அந்த மரபுகள் குறிசொல்லவில்லை, மூச்சைச் சீராக்கின. செய்யக்கூடியதை மட்டும் அவற்றிடம் கேட்டதுதான் அந்த முறையின் நேர்த்தி.

ஆக, தீர்ப்பு. உணர்ச்சியை நோக்கும் சாதனமாக ஸ்மித்தின் படங்கள் தேறுகின்றன. சில மிக உயர்வாகவே. சீட்டெடுக்கும் சடங்கு, ஒரு வேளைக்கு ஒரு சீட்டு, கையேடு மூடியபடி, கண்டது எழுத்தில் என்ற கட்டுப்பாட்டோடு மட்டும் தேறுகிறது. பொருளுரைக்கும் மரபு தேறவில்லை. நடுவரை நீக்கியதால் டாரட் கடற்கட்டியைவிட நேர்மையானது. தோல்வியை ஒப்புக்கொள்ளாததில் அவருக்குச் சமம். தெளிவாகப் பெயரிடுவதில் வியாகுல மாதாவுக்குக் கீழே. கோபத்தின் காரணம் வெளியே இருக்கும்போது அதைக் கையிலெடுக்கக்கூடாது. தூக்கமற்ற இரவுகள் வாரக்கணக்கில் நீண்டாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தாலோ, படத்துக்கு அங்கே வேலையே இல்லை. இலங்கையில் அதற்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.